சுபேதார் பதில்கள்: பட்டாளம் விட்டு, செக்யூரிட்டி கம்பெனிக்கு

(மெட்ராஸ் ரெஜிமென்டில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்று, பிறகு சில வருஷம் தனியார் செக்யூரிட்டி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்ததால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.)

17 வருஷ சர்வீஸ் முடித்து நாயக்காக வந்தேன். இப்போது சென்னையில் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி. கம்பெனிக்காரர் என்னை மட்டும் பச்சை யூனிஃபார்ம், பெரே தொப்பி, மெடல் ரிப்பனோடு கேட்டில் நிற்கச் சொல்கிறார். "எக்ஸ் மிலிட்டரின்னு பார்த்ததும் தெரியணும், அப்பத்தான் ரேட் கேட்க முடியும்" என்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மறுக்கலாமா, சாப்?
*முன்னாள் நாயக், குடியாத்தம்*

தாராளமாக மறுக்கலாம். சட்டமே உங்கள் பக்கம் இருக்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் வருஷத்துச் சட்டத்தில் 21ஆம் பிரிவைப் பாருங்கள். ராணுவம், கடற்படை, விமானப்படை, போலீஸ் யூனிஃபார்மையோ, பார்த்தால் அது மாதிரி தோன்றும் உடுப்பையோ செக்யூரிட்டி கார்டு போடக் கூடாது. போட்டால் போட்டவருக்கும் கம்பெனி முதலாளிக்கும் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் ரேட் பேசுவதற்காக நீங்கள் ஏன் கேஸில் மாட்ட வேண்டும்? குடியரசு தினத்தன்று கொடியேற்றத்துக்குக் கோட்டில் மெடலைக் குத்திக்கொண்டு கம்பீரமாகப் போய் நில்லுங்கள், அது வேறு.

நான் இருந்த கம்பெனி ஒன்று அடித்த நோட்டீஸில் எங்கள் ரெஜிமென்டின் யானைச் சின்னத்தையே போட்டிருந்தார்கள். "இந்த யானைக்கு மாசம் எவ்வளவு சார் கொடுக்குறீங்க?" என்று கேட்டேன். அடுத்த அச்சில் யானை இல்லை. எனக்கு இன்க்ரிமென்டும் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது, கூச்சம் உடுப்பினால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. கேட்டில் நிற்பது கேவலமான வேலை இல்லை. பல்டனில் குவார்ட்டர் கார்டில், அதாவது யூனிட் வாசல் காவலில், நிற்காத ஜவான் யார்? அங்கே சென்ட்ரியின் தலைக்குப் பின்னால் ஸ்டாண்டிங் ஆர்டர் தொங்கும். யாரை விடலாம், யாரை நிறுத்த வேண்டும், எப்போது கார்டு கமாண்டரைக் கூப்பிட வேண்டும் எல்லாம் அதில் எழுதி, கீழே கையெழுத்து இருக்கும். ராத்திரி பாஸ்வேர்டு சொல்லாத யூனிட் தலைவர் சிஓ சாப்பையே நிறுத்தினாலும், மறுநாள் முதுகில் தட்டிக்கொடுப்பார். இப்போது அபார்ட்மென்டுக்கு வாருங்கள். டெலிவரி பையனை லிஃப்டில் விடாதே என்பார் செக்ரட்டரி. விடாததற்கு மூன்றாவது மாடி அம்மா கத்துவார். ஸ்டிக்கர் இல்லாத காரை நிறுத்தினால், காருக்குள் இருப்பவர் அசோசியேஷன் பொருளாளர். மறுநாள் உங்களுக்குப் பதில் வேறு ஆள் வந்து நிற்பான். அங்கே சரியாக வேலை செய்தால் யூனிட் உங்கள் பின்னால் நிற்கும், இங்கே கம்பெனி உங்களைத்தான் முதலில் மாற்றும். 17 வருஷம் பழகிய முதுகுக்கு இதுதான் உறுத்துகிறது.

ஒரு வேலை செய்யுங்கள். கேட் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லி, செக்ரட்டரியிடம் கையெழுத்து வாங்கி, ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். கத்துகிறவர்களுக்கு அதைக் காட்டுங்கள். நான் எல்லா சைட்டிலும் இதைத்தான் செய்தேன். பாதிச் சண்டை நின்றுவிடும்.

இன்னொன்று. புதிதாகச் சேரும் கார்டுக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கொடுக்கச் சொல்கிறது விதி. முன்னாள் ராணுவத்தினருக்கு 40 மணியும் 16 மணியும் போதும். மிச்சத்தை ஏற்கெனவே அரசாங்கச் செலவில் கற்றுக்கொண்டு வந்திருக்கிறோம் என்பதால்தான் இந்தச் சலுகை. அந்த மிச்சத்தின் விலை கம்பெனியின் பில்லில் ஏறுகிறது, உங்கள் சம்பளத்தில் ஏறுகிறதா? 12 மணி நேர டூட்டி பார்க்கிறவர்கள், ராணுவ மறுவாழ்வு இயக்ககமான டிஜிஆர் வழியாக நடக்கும் ஏஜென்சிகளில் இடம் இருக்கிறதா என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே எட்டு மணி நேர ஷிஃப்ட், கூலிக்கும் ஒரு கணக்கு உண்டு.

ராணுவத்தில் இருப்பவரும் சம்பளத்துக்குத்தான் துப்பாக்கி தூக்குகிறார், தனியார் ராணுவக் கம்பெனியில் இருப்பவரும் சம்பளத்துக்குத்தான் தூக்குகிறார். பயிற்சி ஒன்று, துப்பாக்கி ஒன்று, பல நேரம் ஆளே ஒன்று. அப்புறம் "சோல்ஜர்" என்பதில் தனியாக என்ன பெருமை?
*கல்லூரி மாணவர், காரைக்குடி*

சம்பளம் வாங்காமல் நான் ஒரு மாசம்கூட நாட்டைக் காத்ததில்லை, தம்பி. அந்த விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை.

வித்தியாசம் சுடுவதில் இல்லை, சுட்ட பிறகு நடப்பதில் இருக்கிறது. ஃபயரிங் ரேஞ்சில் கடைசி ரவுண்டு போனதும் என்ன நடக்கும் தெரியுமா? குனிந்து காலி கேஸை, அதாவது சுட்ட தோட்டாவின் கூட்டை, பொறுக்குவோம். கொடுத்த தோட்டா எத்தனை, திரும்பிய காலி கேஸ் எத்தனை என்று எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் எங்கள் பிரிவு முழுக்கப் புல்லுக்குள் தேடும், சாப்பாடு தள்ளிப்போகும். பிறகு வரிசையில் நின்று ஒவ்வொருவனாக, "என்னிடம் தோட்டாவோ காலி கேஸோ இல்லை, சாப்" என்று சொல்ல வேண்டும். வெறும் பயிற்சிக்கே இந்தப் பாடு. ஆபரேஷனில் ஒரு ரவுண்டு வெளியே போனால் யார் சொன்னது, எதைப் பார்த்து, எந்தத் திசையில் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். தப்பாகச் சுட்டால் கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றம் இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது.

இப்போது பாக்தாத். 2007 செப்டம்பர் 16, நிசூர் சதுக்கம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் வண்டிகளுக்குக் காவலாகப் போன பிளாக்வாட்டர் கம்பெனி ஆட்கள், போக்குவரத்து நெரிசலுக்குள் சுட்டார்கள். 17 இராக்கியப் பொதுமக்கள் செத்தார்கள். சுட்டவர்களில் முன்னாள் ராணுவத்தினர் உண்டு, நல்ல பயிற்சி பெற்றவர்கள். ஆனால் அவர்களை விசாரிக்க அங்கே யாருக்கு அதிகாரம்? இராக்கில் அமெரிக்கா வைத்த ஆக்கிரமிப்பு நிர்வாகம் போட்ட 17ஆம் எண் உத்தரவு, ஒப்பந்தக்காரர்கள் ஒப்பந்த வேலையாகச் செய்த எதற்கும் இராக் நீதிமன்றம் அவர்களைத் தொட முடியாதபடி விலக்கு கொடுத்திருந்தது. அவர்களை அனுப்பியதோ வெளியுறவுத் துறை, அங்கிருந்த ராணுவத் தளபதியின் உத்தரவில் அவர்கள் இல்லை. ஏழு வருஷம் கழித்து 2014இல் அமெரிக்க நீதிமன்றம் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்புக் கொடுத்தார்.

சரி, இதனால் உண்மையான சோல்ஜருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். கடையில் காய் வாங்கப் போன இராக்கியருக்குக் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைக்கார முகம், ஒரு குண்டு துளைக்காத அங்கி, ஒரு துப்பாக்கி. அது யார் சம்பளம் என்று அவர் பார்ப்பாரா? பழி முழுக்க ராணுவத்தின் கணக்கில்.

இன்னொரு நஷ்டம் 2004இல் இராக்கின் ஃபலூஜா நகரில். மார்ச் 31ஆம் தேதி அதே கம்பெனியின் நான்கு பேர் ஊருக்குள் போய் மாட்டி, கொல்லப்பட்டு, உடல்கள் பாலத்தில் தொங்கவிடப்பட்டன. அந்தப் பகுதிக்கு அப்போதுதான் வந்திருந்த மரைன் படைத் தளபதிகள், அவசரப்படாமல் ஆளைக் கண்டுபிடித்துப் பிடிக்கலாம் என்றார்கள். மேலிடம் உடனே ஊருக்குள் இறங்கச் சொன்னது. தளபதியின் திட்டத்தில் இல்லாத நான்கு பேரால் தளபதியின் போரே மாறிப்போனது. ஒரு படைக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை எதிரிகூடச் செய்ய முடியாது என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப உறுத்துவது, ஏனென்றால் இது பாரக்குக்குள்ளேயே நடக்கிறது. கம்பெனிகள் கொடுத்த டாலரைப் பார்த்து அமெரிக்க, பிரிட்டிஷ் ஸ்பெஷல் ஃபோர்ஸஸ் ஆட்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். அவர்களைத் தக்கவைக்க அமெரிக்கா, 2005 வாக்கில், அனுபவமுள்ள சிறப்புப் படையினர் இன்னும் ஆறு வருஷம் இருந்தால் 1,50,000 டாலர் வரை போனஸ் தருவதாகச் சொன்னது. தன் பணத்தில் வளர்த்த ஆளைத் தானே ஏலம் கேட்க வேண்டிய நிலை. அப்புறம் மிச்சமிருக்கும் ஜவான் என்ன நினைப்பான்? அடுத்த கோர்ஸ் யூனிட்டுக்கு உதவுமா என்று யோசித்தவன், வெளியே எவ்வளவுக்குப் போகும் என்று யோசிப்பான். வெளியே போனவனைவிட உள்ளே இருப்பவனைத்தான் இந்தத் தொழில் அதிகம் மாற்றுகிறது.

செத்தால் என்ன? போரில் செத்த அமெரிக்க சோல்ஜரின் பெயரை பென்டகன் வெளியிடும், கொடி போர்த்திய பெட்டி வரும். கம்பெனி ஆள் செத்தால் அந்த எண்ணிக்கையைத் தேட வேண்டிய இடம் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் இன்ஷூரன்ஸ் விண்ணப்பக் கணக்கு. 2016 ஜூனில் காபூலில் கனடா தூதரகத்துக்குக் காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நேபாளிகளின் மினி பஸ்ஸைத் தற்கொலைக் குண்டு தாக்கியது. செத்தவர்களில் இந்தியரும் உண்டு. எந்தப் படையின் நினைவுத் தூணிலும் அவர்கள் பெயர் வராது.

எங்கள் ஊர்த் துறைமுகத்தில் பிடிபட்ட ஆயுதக் கப்பலில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் முன்னாள் ராணுவத்தினர் என்றார்கள். கொச்சியில் மீனவரைச் சுட்ட இத்தாலிக்காரர்களும் ராணுவத்தினர்தான். இரண்டு கேஸும் ஏன் இவ்வளவு வித்தியாசமாக நடந்தன?
*மீன்பிடித் தொழிலாளி, தூத்துக்குடி*

நல்ல கேள்வி, அண்ணாச்சி. காலேஜ் தம்பிக்கு நான் நீட்டி முழக்கிச் சொன்னதை நீங்கள் இரண்டு கப்பலை வைத்துக் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் உங்கள் ஊர்க் கப்பல். 2013 அக்டோபரில் கடலோரக் காவல்படை பிடித்த சீமேன் கார்டு ஓஹையோ. அமெரிக்கக் கம்பெனிக்குச் சொந்தம், சியரா லியோன் கொடி. சோமாலியக் கொள்ளையருக்குப் பயந்த சரக்குக் கப்பல்கள் வாடகைக்குக் காவலர்களை ஏற்றிக்கொண்ட காலம் அது. ஒவ்வொரு நாட்டுத் துறைமுகத்திலும் துப்பாக்கியை இறக்க முடியாது என்பதால், ஆளையும் ஆயுதத்தையும் கடலிலேயே வைத்திருக்கும் மிதக்கும் கிடங்காக இந்த மாதிரிக் கப்பல்கள் நின்றன. உள்ளே 35 பேர். 12 பேர் இந்தியர், 14 பேர் எஸ்டோனியர், ஆறு பேர் பிரிட்டிஷ்காரர், மிச்சம் உக்ரைன். அந்த ஆறு பேரும் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்து வருஷம் தண்டனை கொடுத்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. நடுவில் போனது நான்கு வருஷம், அதில் நல்ல பகுதி புழல் சிறையில். ஊரில் அவர்களுடைய அக்கா, தங்கை, நிச்சயித்த பெண் எல்லாம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பு ராணி பெயரில் சத்தியம் செய்து யூனிஃபார்ம் போட்டவர்கள்தான். இப்போது அவர்கள் ஒரு கம்பெனியின் தொழிலாளிகள், அவ்வளவுதான்.

அடுத்தது என்ரிகா லெக்சி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல். 2012 பிப்ரவரி 15. செயின்ட் ஆன்டனி படகில் இருந்த இரண்டு மீனவர்கள் செத்தார்கள், ஒருவர் கேரளம், ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டம். சுட்டதாகக் கைதான இருவரும் இத்தாலியக் கடற்படையில் பணியில் இருந்த மரைன்கள். அந்த இருவருக்காக இத்தாலி என்ன செய்யவில்லை? மந்திரிகள் வந்தார்கள், தூதரை வைத்து மல்லுக்கட்டினார்கள், ஹாம்பர்கில் கடல் சட்டத் தீர்ப்பாயம், ஹேக்கில் நடுவர் மன்றம் வரை போனார்கள். 2020இல் ஹேக், அரசுப் பணியில் இருந்ததால் அவர்களை இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இழப்பீடு உண்டு என்றது. 10 கோடி ரூபாய் வந்தது, இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா நான்கு கோடி, படகுக்காரருக்கு இரண்டு கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது.

ஆக, சுடாதவர்கள் நான்கு வருஷம் கஷ்டப்பட்டார்கள், இரண்டு உயிர் போன கேஸில் சிக்கியவர்களை ஒரு நாடே தூக்கிக்கொண்டு போனது. யூனிஃபார்முக்கும் யூனிஃபார்ம் மாதிரிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. அந்த மீனவர் வீடுகளில் போய் அப்படிச் சொல்ல எனக்கு வாயும் வராது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அந்த மரைன்கள் முழு அர்த்தத்தில் அரசுப் பணியில் இருந்தார்களா? 2011இல் இத்தாலி போட்ட சட்டப்படி, கப்பல் முதலாளி செலவை ஏற்றால் கடற்படை ஆட்களைத் தன் எண்ணெய்க் கப்பலில் ஏற்றிக்கொள்ளலாம். படை ஆள்தான், ஆனால் தனியார் கப்பலில், தனியார் காசில். சுட்ட பிறகு கப்பலைக் கொச்சிக்குத் திருப்பலாமா என்று முடிவு செய்தது யார், கேப்டனா, கடற்படையா என்பதில் இத்தாலியிலேயே பெரிய தகராறு நடந்தது. படையை வாடகைக்கு விட்டால் அதிகாரமும் இப்படித்தான் பாதிப் பாதியாகப் பிரியும். கொள்ளைக்காரன் என்று நினைத்துச் சுட்டார்களாம். நாற்பது வருஷமாகக் கடலில் வலை போடுகிற நம் ஆளுக்கு, தன்னை நோக்கித் துப்பாக்கி நீட்டுகிறவன் எந்த நாட்டுக்காரன், எந்தக் கம்பெனி, யாரிடம் முறையிடுவது என்று ஒன்றும் தெரியாது. வருத்தம் அங்கேதான்.

எண்பதுகளில் இலங்கையில் விசேட அதிரடிப் படையைப் பயிற்றுவித்தது ஒரு பிரிட்டிஷ் தனியார் கம்பெனி என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புகினம் இல்லை. நீங்கள் அறிந்தவரை சொல்லுங்கோ.
*மட்டக்களப்பைச் சேர்ந்த வாசகர், டொரண்டோ*

நம்பச் சொல்லுங்கள், ஐயா. கேஎம்எஸ் என்பது கம்பெனியின் பெயர். பிரிட்டனின் எஸ்ஏஎஸ் என்ற சிறப்புப் படையில் இருந்து வெளியே வந்தவர்கள் நடத்தியது. 1984இல் அதிரடிப் படையைப் பயிற்றுவிக்க வந்தார்கள், களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில் முகாம். பின்னால் ஹெலிகாப்டர் ஓட்டவும் அவர்களுடைய விமானிகள் இருந்தார்கள். வெளிவந்த பிரிட்டிஷ் அரசுக் கோப்புகளில் இதெல்லாம் இருக்கிறது. லண்டனுக்கு எல்லாம் தெரியும். தன் சொந்தப் படையை அனுப்பினால் டெல்லி கோபித்துக்கொள்ளும், இது தனியார் வியாபாரம் என்றால் கைகழுவலாம். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் மக்கள் கொல்லப்பட்டதற்கு அந்த அதிரடிப் படைதான் குற்றம் சாட்டப்பட்டது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேஎம்எஸ் ஆட்களின் பங்கு பற்றி லண்டன் போலீஸின் போர்க்குற்றப் பிரிவு விசாரணை தொடங்கியது 2020இல்.

ஒரு பட்டாளத்துக்காரனாக எனக்குக் கோபம் வருவது இங்கே: அவர்கள் விற்றது எஸ்ஏஎஸ் என்ற பெயரை. அந்தப் பெயரால்தான் கொழும்பு காசு கொடுத்தது. கேள்வி வந்தபோது மட்டும் எஸ்ஏஎஸ்ஸுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

ரஷ்யாவில் வாக்னர் கம்பெனி தன் அரசாங்கத்தையே எதிர்த்ததே, நம் ஊரில் செக்யூரிட்டி கம்பெனிகள் அப்படி வளருமா?
*வாசகர், ஓசூர்*

2023 ஜூனில் ரோஸ்தோவ் நகரில் ராணுவத் தலைமையகத்தையே பிடித்தார்கள், இரண்டே மாதத்தில் அதன் முதலாளி பிரிகோஷின் விமான விபத்தில் செத்தார். நம் ஊர்க் கதை வேறு. வங்கி வாசலில் நிற்கும் கார்டின் கையில் இருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி பெரும்பாலும் அவருடைய சொந்த லைசென்ஸ். அதை வருஷா வருஷம் துடைத்து வைக்கவே அவருக்கு நேரமில்லை. கவிழ்ப்பு கிவிழ்ப்பெல்லாம் எங்கே? பி.எஃப். ஒழுங்காகக் கட்டினால் போதும் என்று இருக்கிறார்கள்.

என் பையன் அக்னிவீரன். நாலு வருஷம் முடியப்போகிறது. நிரந்தரமாக எடுப்பார்களா என்று தெரியவில்லை. அதற்குள் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, வெளிநாட்டில் செக்யூரிட்டி வேலை, மாசம் இரண்டு லட்சம் என்கிறார். முன்பணம் கேட்கிறார். அனுப்பலாமா ஐயா?
*ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்*

முன்பணம் ஒரு பைசா கொடுக்காதீர்கள், அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர முடியும் என்பது அக்னிபத் திட்டத்திலேயே இருக்கிறது. வெளியே வரும் மீதிப் பேருக்குச் சேவா நிதி என்ற மொத்தத் தொகை சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். பென்ஷன் இல்லை, கேன்டீன் கார்டு இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை. 17 வருஷம் இருந்தவனுக்கு வெளியே வந்த பிறகும் பல்டன் ஒரு வீடாக இருக்கும். நாலு வருஷத்தில் வருகிறவனுக்குக் கையில் பயிற்சி இருக்கும், வீடு இருக்காது. ஏஜென்ட்கள் உங்கள் வாசலுக்கு வருவது அதனால்தான். இருபத்து மூன்று வயதுப் பயிற்சி பெற்ற பையன் அவர்களுக்குத் தயார்ச் சரக்கு.

2024 மார்ச்சில் சிபிஐ ஒரு வழக்குப் போட்டது. ரஷ்யாவில் செக்யூரிட்டி, ஹெல்ப்பர் வேலை என்று சொல்லி நம் பையன்களை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். போய் இறங்கியதும் தெரியாத மொழியில் கையெழுத்து, பாஸ்போர்ட் பறிப்பு, பிறகு உக்ரைன் போர்முனை. சில பேர் பிணமாகத்தான் திரும்பினார்கள்.

எல்லா வெளிநாட்டு வேலையும் அப்படி இல்லை. வளைகுடாவில் ஒழுங்காகக் கட்டடக் காவல் வேலை பார்க்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஏஜென்டிடம் அவருடைய பதிவு எண் கேளுங்கள், இமைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கும் ரசீது தர வேண்டும். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஊர், முதலாளி பெயர், துப்பாக்கி உண்டா இல்லையா, உயிருக்கு இன்ஷூரன்ஸ் எவ்வளவு, உடலைக் கொண்டுவரும் செலவு யாருடையது என்று இருக்க வேண்டும். கடைசி இரண்டைக் கேட்க உங்களுக்கு மனம் வராது, பையனைக் கேட்க வையுங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, சந்தேகம் வந்தால் காகிதத்தோடு நேரே போங்கள்.

பையனுக்கு லீவு கிடைத்து ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்திரிகை ஆபீஸில் விலாசம் கொடுப்பார்கள். டிஸ்சார்ஜ் காகிதங்கள், அவன் செய்த கோர்ஸ் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு வரட்டும். போலீஸ், துணை ராணுவம் இரண்டிலும் அக்னிவீரர்களுக்கு என்ன ஒதுக்கீடு என்று உட்கார்ந்து பார்த்து, முதலில் அங்கே விண்ணப்பம் போடுவோம்.